முந்நூறு ஓட்டம், முந்நூறு ப்ராசஸ்: ஒரு சோதனைக் குறிப்புக்கு உரை

புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. சோதனையிலும் மாற்றம் இல்லை. காலையில் ஓட்டினால் பாஸ், மதியம் ஓட்டினால் ஃபெயில். மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் இதை ‘ஃப்ளேக்கி டெஸ்ட்’ என்பார்கள். கூகுள் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி அங்கே இருந்த சோதனைகளில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இந்தக் குணம் ஏதாவதொரு அளவில் இருந்தது. பாஸாக இருந்தது ஃபெயிலாக மாறிய தருணங்களில் சுமார் 84 சதவீதத்தில் இப்படிப்பட்ட சோதனை ஒன்று சம்பந்தப்பட்டிருந்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே நிலைமை அது என்றால், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வகைச் சோதனையைப் பிடிக்கத் திரும்பத் திரும்ப ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அதை எப்படி ஓட்டுவது என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்காக ஒரு சின்னக் குறிப்பு வைத்திருக்கிறோம். முழுக்கக் கட்டளைகள்; காரணம் ஒன்றுகூடக் கிடையாது. காரணம் கேட்டு வருபவர்களிடம் சொல்வதையே இங்கே உரையாக எழுதுகிறேன். முதலில் மூலம்:

“சந்தேகம் வந்த சோதனையை ஒரு முறை ஓட்டி நம்பாதே, முந்நூறு முறை ஓட்டு. ஒவ்வொரு முறையும் புது ப்ராசஸில் ஓட்டு. கிளைத்தது புதிதல்ல, தொடங்கியதே புதிது. ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர், தனி போர்ட், தனி விதை கொடு. கெடு வை, கெடு தாண்டினால் குடும்பத்தோடு கொல். முடிவெண்ணைப் படி, அச்சானதை மட்டும் நம்பாதே. விழுந்ததைக் கழுவாதே. மறுபடி ஓட்டிப் பாஸ் ஆக்கியது பாஸ் ஆகாது. எல்லாம் முடிந்தபின் ஒரே ப்ராசஸில் நீளமாக ஓட்டு.”

‘சந்தேகம் வந்த சோதனையை ஒரு முறை ஓட்டி நம்பாதே; முந்நூறு முறை ஓட்டு.’

‘சந்தேகம் வந்த’ என்ற அடைமொழியைக் கவனிக்க வேண்டும். இருக்கிற சோதனை எல்லாவற்றையும் முந்நூறு முறை ஓட்டச் சொல்லவில்லை. ஒரு முறையாவது காரணமில்லாமல் விழுந்தது, புதிதாக எழுதி இன்னும் நம்பிக்கை வராதது, த்ரெட் அல்லது நெட்வொர்க்கைத் தொடுவது: இவைதான் சந்தேகப் பட்டியல்.

நூறு என்றால் வட்டமான எண்ணாக இருக்குமே, முந்நூறு எதற்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறில் ஒரு முறை விழும் சோதனை ஒன்று இருக்கிறது. அதை நூறு முறை ஓட்டினால் ஒரு முறையும் விழாமல் தப்பிக்க எவ்வளவு வாய்ப்பு? 0.99ஐ நூறு முறை பெருக்கினால் 0.37 வரும். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வாய்ப்பில் அந்தப் பக் உங்கள் கண்ணில் படாமலே போய்விடும். முந்நூறு முறை ஓட்டினால் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்குச் சுருங்குகிறது. புள்ளியியல்காரர்கள் இதற்கு ஒரு சுருக்குவழி வைத்திருக்கிறார்கள்: எத்தனை முறை ஓட்டியும் ஒன்றுகூட விழவில்லையோ, அந்த எண்ணால் மூன்றை வகுக்க வேண்டும். உண்மையான தோல்வி விகிதம் அதற்குள் இருக்கும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். முந்நூறு சுத்தமான ஓட்டம் என்றால் ஒரு சதவீதத்துக்குள்.

ஒரு சதவீதம் போதுமா என்றால், போதாது. உங்களிடம் 2,000 சோதனைகள் இருந்து ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒரு முறை விழுமானால், மொத்தத் தொகுப்பும் ஒரே மூச்சில் பாஸ் ஆகும் வாய்ப்பு 13 சதவீதம் சொச்சம்தான். முந்நூறு என்பது தொடக்கம், அவ்வளவே.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தோடு தொடர்பில்லாததாக இருக்க வேண்டும். முந்தையதன் மிச்சத்தோடு ஓடுவதைத் தனி ஓட்டமாக எண்ணினால் பெருக்கல் பொய்யாகிவிடும். குறிப்பின் அடுத்த வரி இங்கிருந்துதான் பிறக்கிறது.

‘ஒவ்வொரு முறையும் புது ப்ராசஸில் ஓட்டு.’

திரும்ப ஓட்டுவதற்குப் பல கருவிகளில் வசதி உண்டு. கூகுள் டெஸ்டில் ‘ரிப்பீட்’ என்று ஒரு விருப்பம். கோ மொழியின் சோதனைக் கட்டளையில் ‘கவுண்ட்’. ஜேயூனிட் 5இல் ‘ரிப்பீட்டட் டெஸ்ட்’ என்ற குறி. மூன்றுமே கைக்கு எளியவை. மூன்றும் ஒரே ப்ராசஸுக்குள் சுற்றிச் சுற்றி ஓடுபவை.

ஒரே ப்ராசஸில் ஓடும்போது என்னென்ன மிஞ்சுகிறது? ஸ்டாட்டிக் மாறிகள், ஒரு முறை மட்டும் உருவாகும் சிங்கிள்டன்கள், கேஷ், திறந்து மூடாத ஃபைல்கள், சோதனை மாற்றிவிட்ட என்விரான்மென்ட் மாறிகள், எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்ற விவரம். முதல் ஓட்டம் வெறும் கேஷோடு தொடங்குகிறது. மற்ற 299க்கும் கேஷ் சூடாகவே கிடைக்கிறது. பக் இருப்பது குளிர்ந்த தொடக்கத்தில் என்றால், முந்நூறு ஓட்டத்தில் அதற்குக் கிடைக்கிற வாய்ப்பு ஒன்றே ஒன்று. எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு: முதல் ஓட்டம் போட்ட குப்பையில் இரண்டாவது இடறி விழும். அது சோதனை எழுதியவரின் குறை. நாம் தேடி வந்த பக் வேறெங்கோ உட்கார்ந்திருக்கும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானை முழுவதும் ஒரே கொதியில் வெந்தது என்பதால்தான். அந்தப் பானையிலிருந்தே முந்நூறு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்ப்பதால் அடுத்த வீட்டுப் பானையைப் பற்றி எதுவும் தெரிந்துவிடாது. நமக்கு வேண்டியது முந்நூறு பானை.

பலரும் யோசிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. ப்ராசஸ் தொடங்கும் அந்த நொடியில் மட்டும் தீர்மானமாகும் விஷயங்கள் சில உண்டு. அவற்றில் முக்கியமானது ஹாஷ் விதை. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் மாநாட்டில், வேண்டுமென்றே ஹாஷ் மோதும்படி தேர்ந்தெடுத்த சொற்களை அனுப்பி வெப் சர்வர்களை முடக்கலாம் என்று காட்டினார்கள். அதைத் தடுக்கத் தொடக்கத்திலேயே ஒரு ரேண்டம் எண்ணைக் கலக்கும் வழக்கம் பரவியது. பைத்தானில் 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே இயங்குகிறது. பெர்ல் 2013இல் 5.18 பதிப்பில் தன் ஹாஷ் கலக்கலை இறுக்கியது.

இதன் விளைவைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பைத்தானில் ‘மதுரை’, ‘கோவை’, ‘நெல்லை’ என்ற மூன்று சொற்களை ஒரு செட்டில் போட்டு, அதை லிஸ்ட்டாக மாற்றி, ‘மதுரை, கோவை, நெல்லை’ என்ற வரிசைதான் வருகிறதா என்று கேட்கும் ஒரு சோதனையை எழுதுங்கள். தப்பான சோதனைதான்; செட்டுக்கு வரிசை கிடையாது. ஆனால் அதை ஒரே ப்ராசஸில் முந்நூறு முறை ஓட்டினால், முதல் முறை பாஸ் ஆனால் முந்நூறும் பாஸ். விதை ஒன்று, வரிசையும் ஒன்று. அதையே முந்நூறு புது ப்ராசஸில் ஓட்டுங்கள்: சில பாஸ், பெரும்பாலானவை ஃபெயில். கோடு அதேதான், இயந்திரமும் அதேதான். முதலாவது முறை தந்த ‘முந்நூறு பாஸ்’ என்ற எண்ணின் மதிப்பு ஒன்று. மற்ற 299ம் அலங்காரம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தனி ப்ராசஸ் என்பது நோய்க்கு மருந்து என்று நினைப்பவர்கள் உண்டு. அப்பாச்சி திட்டங்களில் ஃப்ளேக்கி சோதனைகளைச் சரிசெய்த மாற்றங்களை ஆராய்ந்து 2014இல் வந்த ஒரு ஆய்வு, சுமார் 45 சதவீதத்துக்குக் காரணம் எதிர்முனை வேலை முடியும்வரை சரியாகக் காத்திருக்காதது என்றது. 20 சதவீதம் த்ரெட்கள் ஒன்றோடொன்று மோதுவது. சோதனைகளின் ஓட்ட வரிசையைச் சார்ந்தவை 12 சதவீதம். தனி ப்ராசஸ் நேரடியாக ஆற்றுவது இந்தக் கடைசி வகையை மட்டுமே. மற்ற இரண்டுக்கும் அது வெறும் நேர்மையான தராசு.

‘கிளைத்தது புதிதல்ல, தொடங்கியதே புதிது.’

குறிப்பிலேயே அதிகம் கேள்வி வாங்கும் வரி இது. யூனிக்ஸில் புது ப்ராசஸ் பிறப்பது இரண்டு படியில். முதலில் ஃபோர்க்: ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் தன்னையே நகலெடுத்துக்கொள்கிறது. அடுத்தது எக்ஸெக்: அந்த நகல் தன் நினைவகத்தைத் துறந்து வேறொரு புரோகிராமை ஏற்றிக்கொள்கிறது. முதல் படியோடு நின்றால் அது கிளைத்தது. இரண்டும் நடந்தால் தொடங்கியது.

கிளைப்பதில் ஆதாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஃபோர்க் வேகமானது. நினைவகத்தை உடனே நகலெடுக்காமல், யாராவது எழுதும்போது அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுக்கும். சி மொழிக்கான ‘செக்’ என்ற சோதனைக் கருவி இயல்பாகவே ஒவ்வொரு சோதனையையும் ஃபோர்க் செய்துதான் ஓட்டும்; பைத்தானில் அதே வேலைக்கு ‘பைடெஸ்ட் ஃபோர்க்ட்’ இருக்கிறது. ஒரு சோதனை நினைவகத்தைத் தாண்டிப் போய்ச் செத்தாலும் மற்றவை பிழைக்கும். சாவைத் தடுக்க இது போதும்.

ஆனால் நாம் வந்தது எண்ணுவதற்கு. பைத்தான் ஏற்கெனவே தொடங்கியபின் கிளைக்கும் முந்நூறு பிள்ளைகளுக்கும் தாயின் ஹாஷ் விதைதான். நினைவக முகவரிகளைக் குலுக்கிப்போடும் பாதுகாப்பு லினக்ஸில் 2005இல் வந்தது. அந்தக் குலுக்கலும் எக்ஸெக் நேரத்தில்தான் நடக்கிறது. ஆகவே முந்நூறு பிள்ளைகளும் ஒரே முகவரி அமைப்பில் ஓடும். பைத்தானின் எண்கணித நூலகமான நம்பையின் பழைய பொது ரேண்டம் எண் நிலையும் அப்படியே நகலாகும். முந்நூறு ஓட்டத்துக்கும் ஒரே ‘ரேண்டம்’ தரவு. பைத்தானின் சொந்த ரேண்டம் நூலகம் 3.7 பதிப்பிலிருந்து ஃபோர்க்குக்குப் பின் தானாகவே புது விதை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே சோதனையில் பாதி புதிது, பாதி பழையது என்ற நிலைகூட வரும். இதைவிட முழுக்கப் பழையதாகவே இருந்திருக்கலாம். கண்டுபிடிக்கவாவது எளிதாக இருந்திருக்கும்.

த்ரெட்கள் இருந்தால் கதை இன்னும் மோசம். ஃபோர்க்கை அழைத்த த்ரெட் மட்டுமே பிள்ளையில் உயிரோடு வரும். மற்ற த்ரெட்கள் அந்த நேரத்தில் பிடித்திருந்த பூட்டுகள், பூட்டிய நிலையிலேயே நகலாகிவிடும். திறக்க ஆள் கிடையாது. பிள்ளை அந்தப் பூட்டைத் தொட்டதும் அப்படியே நிற்கும். உங்கள் கோடில் இல்லாத ஒரு பக்கை ஓட்டும் முறையே உருவாக்கிவிட்டது. பைத்தான் இதை நெடுநாள் பட்டுத்தான் திருந்தியது: மேக்கில் மல்டிபிராசஸிங்கின் இயல்பு முறையை 2019இல் வந்த 3.8 பதிப்பில் ஃபோர்க்கிலிருந்து, புதிதாகத் தொடங்கும் ‘ஸ்பான்’ முறைக்கு மாற்றினார்கள். 2025இல் வந்த 3.14இல் லினக்ஸிலும் ஃபோர்க் இயல்பு முறையாக இல்லை.

விலை என்ன என்ற கேள்வி நியாயமானது. ஜாவா உலகத்தில் இந்த விலை கனம். அதனால்தான் மேவனின் ஷூர்ஃபயர் ஒரு ஜேவிஎம்மைத் தொடங்கி எல்லாச் சோதனை வகுப்புகளுக்கும் அதையே திரும்பப் பயன்படுத்துகிறது. வகுப்புக்கு ஒன்று வேண்டுமென்றால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2014இல், தனி ஜேவிஎம் தரும் தனிமையை ஒரே ஜேவிஎம்முக்குள் போலியாகச் செய்து பார்த்தார்கள்: சோதனை தொட்ட ஸ்டாட்டிக் மாறிகளை மட்டும் மறுபடி தொடக்க நிலைக்குக் கொண்டுவருவது. அதனால் சராசரியாக 62 சதவீத நேரம் மிச்சமானது. ரஸ்ட் உலகத்தில் ‘கார்கோ நெக்ஸ்ட்’ என்ற கருவி நேர் எதிராகப் போய், ஒவ்வொரு சோதனைக்கும் தனி ப்ராசஸ் என்பதையே இயல்பாக்கியது. சந்தேகப்பட்ட ஒற்றைச் சோதனைக்கு இந்த விலை ஒரு பொருட்டே அல்ல. தொடங்க இரண்டு விநாடி ஆகும் சோதனை முந்நூறு முறை ஓட பத்து நிமிடம். எட்டு கோர்களில் பிரித்துவிட்டால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இணையாக ஓட்டுவதில் ஒரு கூடுதல் லாபமும் இருக்கிறது: சிபியுவுக்கு அடிதடி வந்தால், நேரத்தை நம்பி எழுதிய சோதனைகள் சீக்கிரம் விழும்.

‘தனி ஃபோல்டர், தனி போர்ட், தனி விதை கொடு.’

ப்ராசஸ் என்பது நினைவகத்துக்கு மட்டும்தான் சுவர். ஃபைல்களுக்குச் சுவர் இல்லை, போர்ட்டுக்கு இல்லை, டேட்டாபேஸுக்கு இல்லை. தற்காலிக ஃபோல்டரில் ‘டெஸ்ட் டிபி’ என்று நிலையான பெயரில் ஃபைல் எழுதும் சோதனையை எட்டு ப்ராசஸில் ஒரே நேரத்தில் ஓட்டினால், எட்டும் ஒரே ஃபைலில் எழுதும். அதற்கு ஒவ்வோர் ஓட்டத்துக்கும் புது ஃபோல்டர் உருவாக்கி, ஹோம், தற்காலிக ஃபோல்டர் இரண்டும் அதுதான் என்று என்விரான்மென்டில் சொல்லிவிட வேண்டும். ஹோமை விட்டுவிடுபவர்கள் நிறைய. உங்கள் லேப்டாப்பில் மட்டும் பாஸ் ஆகும் சோதனைகளில் பல, அங்கே ஒளிந்திருக்கும் ஒரு கான்ஃபிக் ஃபைலால் பாஸ் ஆகிறவை.

போர்ட்டுக்கு எண் சொல்லாதீர்கள். சைபர் என்று கேட்டால் கர்னல் காலியாக இருப்பதைத் தரும். தந்தது எது என்று திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம். முன்கூட்டியே ஒரு காலிப் போர்ட்டைக் கண்டுபிடித்து, மூடிவிட்டு, பிறகு திறப்பது என்ற பழக்கம் வேண்டாம். அந்த இடைவெளியில் இன்னொரு ப்ராசஸ் புகுந்துவிடும்.

விதையைத் தனியாகக் கொடுப்பதோடு அதை அச்சிடவும் வேண்டும். அச்சிடாத விதை, எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் போட்ட ஃபோன் கால்.

சுவர்க் கடிகாரத்தை மட்டும் கர்னல் பிரித்துத் தராது. லினக்ஸில் 2020இல் நேரத்துக்கென்றே ஒரு நேம்ஸ்பேஸ் வந்தது; அதுகூடச் சுவர்க் கடிகாரத்தை மாற்றித் தருவதில்லை, இயந்திரம் எழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது போன்றவற்றைத்தான். நள்ளிரவில் மட்டும் விழும் சோதனைக்கு, கோடிலேயே கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுக்கும்படி எழுத வேண்டும். 

‘கெடு வை, கெடு தாண்டினால் குடும்பத்தோடு கொல்.’

படிக்கிறபோது கொஞ்சம் பகீரென்று இருக்கும். யூனிக்ஸில் தாய், பிள்ளை, அநாதை, பேய் என்றெல்லாம் உறவுமுறை ஏற்கெனவே இருப்பதால் இந்தப் பேச்சைத் தவிர்க்க முடியவில்லை.

கெடு வைப்பது எல்லோருக்கும் தெரியும். லினக்ஸின் ‘டைம்அவுட்’ கட்டளை கெடு தாண்டியதும் ப்ராசஸைக் கொன்று, 124 என்ற முடிவெண்ணை (எக்ஸிட் கோடு) தரும். தொல்லை வருவது பேரப்பிள்ளைகளிடமிருந்து. உங்கள் சோதனை ஒரு சின்ன சர்வரைத் தொடங்குகிறது என்று வையுங்கள். கெடு தாண்டியதும் சோதனை ப்ராசஸைக் கொன்றுவிட்டீர்கள். சர்வர் சாகவில்லை, அநாதையாக ஓடுகிறது. அதன் வெளியீட்டுக் குழாய் இன்னும் உங்கள் ஓட்டியோடு, அதாவது சோதனைகளை ஓட்டும் புரோகிராமோடு, இணைந்தே இருக்கிறது. ஓட்டி குழாயின் முடிவுக்காகக் காத்திருக்கிறது. குழாய் மூடுவதாக இல்லை. கெடு வைத்த ஓட்டியே கெடு தாண்டித் தொங்குகிறது. காலையில் வந்து பார்த்தால் 41ஆவது ஓட்டத்திலேயே நின்றிருக்கும்.

ஒவ்வோர் ஓட்டத்தையும் தனி ப்ராசஸ் குழுவாகத் தொடங்கி, கொல்லும்போது குழு எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டுக் கொல்வது வழக்கமான தீர்வு. குழுவை விட்டே ஓடிப்போகும் பேரப்பிள்ளைக்கு லினக்ஸின் சிகுரூப் வேண்டும். 2021இல் வந்த 5.14 கர்னலிலிருந்து ஒரு சிகுரூப்பில் இருக்கும் அத்தனை பேரையும் ஒரே எழுத்தில் முடித்துவிடலாம். விண்டோஸில் இதற்கு ‘ஜாப் ஆப்ஜெக்ட்’ இருக்கிறது.

கொல்வதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ஜாவா ப்ராசஸுக்கு ‘சிக்குவிட்’ சிக்னல் அனுப்பினால், ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று எழுதித்தரும். கோ புரோகிராமும் அதே சிக்னலில் எல்லா கோரூட்டீன்களின் நிலையையும் கொட்டிவிட்டுத்தான் சாகும். கேட்காமல் கொன்றால், தொங்கியது என்ற செய்தி மட்டும் மிஞ்சும். எங்கே என்பது போய்விடும்.

‘முடிவெண்ணைப் படி, அச்சானதை மட்டும் நம்பாதே.’

திரையில் ‘எல்லாம் பாஸ்’ என்று வந்திருக்கும். அதற்குப் பிறகு, முடிக்கும் நேரத்தில் ஒரு பொருளை இரண்டு முறை விடுவித்துப் ப்ராசஸ் செத்திருக்கும். லாக்கில் ‘பாஸ்’ என்ற சொல்லைத் தேடும் ஸ்கிரிப்ட் அதைப் பாஸ் என்று எண்ணிக்கொள்ளும். ஷெல்லில் சிக்னலால் செத்த ப்ராசஸின் முடிவெண் 128ஓடு சிக்னல் எண்ணைக் கூட்டியது: 134 என்றால் தானே அபார்ட் ஆனது, 139 என்றால் நினைவகத்தைத் தாண்டியது, 137 என்றால் யாரோ கொன்றார்கள். நீங்கள் கொல்லவில்லை என்றால் பெரும்பாலும் மெமரி தீர்ந்து கர்னல் கொன்றது. எட்டு ப்ராசஸ் இணையாக ஓட்டும்போது 137 அடிக்கடி வந்தால், பக்கைத் தேடுவதற்கு முன் ரேமைப் பாருங்கள்.

‘மட்டும்’ என்ற சொல் வரியில் காரணத்தோடு இருக்கிறது. முடிவெண்ணும் தனியே சாட்சி சொல்லப் போதாது. அது எட்டு பிட்தான். விழுந்த சோதனைகளின் எண்ணிக்கையையே முடிவெண்ணாகத் தரும் புரோகிராமில் சரியாக 256 விழுந்தால், வெளியே தெரிவது சைபர், அதாவது வெற்றி. சோதனைக்கு உட்பட்ட கோடு நடுவில் எங்கோ சைபரோடு வெளியேறிவிட்டாலும் அதே கதி. வடிகட்டும் பெயரைத் தப்பாக அடித்து ஒரு சோதனையும் ஓடாமல் போனால் பைடெஸ்ட் 5 என்று தரும். எல்லாக் கருவிகளும் அவ்வளவு ஒழுங்கு இல்லை.

பெர்ல்காரர்களின் தீர்வு எனக்குப் பிடித்தது. 1987இல் முதல் பெர்லோடு வந்த சோதனைகளிலேயே, எத்தனை சோதனை ஓடப்போகிறது என்பதை ‘1..4’ என்ற வடிவில் முதல் வரியில் சொல்லிவிடுவார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ‘ஓகே’ அல்லது ‘நாட் ஓகே’. மூன்றோடு நின்றால் நாலாவது எங்கே என்று ஓட்டி கேட்கும். அவர்களின் ‘ப்ரூவ்’ கட்டளை இன்றும் ஒவ்வொரு சோதனை ஃபைலையும் தனி பெர்லில் ஓட்டி, அச்சானதையும் முடிவெண்ணையும் சேர்த்தே தீர்ப்புச் சொல்கிறது. கிட்டத்தட்ட நாற்பது வருடப் பழைய ஏற்பாடு, இன்னும் பலர் எட்டாதது.

‘விழுந்ததைக் கழுவாதே.’

பாஸான ஓட்டத்தின் ஃபோல்டரை அழிக்கலாம். விழுந்ததன் ஃபோல்டர், விதை, கோர் ஃபைல், லாக் எல்லாம் அப்படியே இருக்கட்டும். மறுபடி வரவழைக்க அதே ஹாஷ் விதையை என்விரான்மென்டில் கொடுக்க வேண்டும். ஜிடிபி டீபக்கருக்குள் ஓட்டினால் வராத பக் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஜிடிபி இயல்பாகவே முகவரிக் குலுக்கலை நிறுத்திவிட்டுத்தான் புரோகிராமைத் தொடங்குகிறது.

‘மறுபடி ஓட்டிப் பாஸ் ஆக்கியது பாஸ் ஆகாது.’

இதில் எனக்குச் சமரசம் கிடையாது. விழுந்தால் மூன்று முறைவரை ஓட்டிப் பார், ஒன்று பாஸானாலும் பச்சை விளக்கு என்று வைப்பது பரவலான பழக்கம். பேஸல் போன்ற நல்ல கருவியிலேயே ஒரு சோதனையை ‘ஃப்ளேக்கி’ என்று குறித்துவிட்டால் அப்படித்தான் நடக்கும். கணக்கைப் பாருங்கள். புரோகிராமில் உண்மையான பக் இருந்து, பத்தில் மூன்று முறை விழுகிறது. மூன்று முயற்சியும் விழ வாய்ப்பு 0.3 பெருக்கல் 0.3 பெருக்கல் 0.3, அதாவது 2.7 சதவீதம். பத்தில் மூன்று பேருக்கு உடையும் ஒரு பொருள், உங்கள் பலகையில் நூறில் மூன்று முறைகூடச் சிவப்பாகத் தெரியாது. வாங்கியவருக்கு மூன்று முயற்சி யாரும் தருவதில்லை.

அதே பேஸலில் எதிர் வசதியும் இருக்கிறது: ஒரு சோதனையை நூறு முறை தனித்தனியாக ஓட்டி, கலந்து வந்தால் ‘ஃப்ளேக்கி’ என்று அறிவிக்கச் சொல்லலாம். திரும்ப ஓட்டுவது கேள்வி கேட்பதற்கு. கேட்ட பதிலில் பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்வதற்கு இல்லை.

‘எல்லாம் முடிந்தபின் ஒரே ப்ராசஸில் நீளமாக ஓட்டு.’

இதுவரை சொன்னதற்கெல்லாம் எதிராகத் தோன்றும் வரி. புதிதாகச் சேர்பவர்கள் முதலில் வெட்டிவிடச் சொல்வதும் இதைத்தான். வெட்டக் கூடாததற்குக் காரணம், புது ப்ராசஸ் ஒரு வகைப் பக்கை முழுமையாக மறைத்துவிடும் என்பது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வளர்வது: மெமரி கசிவு, மூடாத ஃபைல், நிரம்பி வழியும் எண்ணி, நகரும் கடிகாரம். முந்நூறு ப்ராசஸும் சைபரிலிருந்து தொடங்குவதால், முந்நூறும் சுத்தமாகத் தெரியும்.

1991 பிப்ரவரி 25. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு ஸ்கட் ஏவுகணை அமெரிக்கப் படையினரின் தங்குமிடத்தில் விழுந்து 28 பேர் இறந்தார்கள். அதை மறிக்க வேண்டிய பேட்ரியாட் தொகுதி நூறு மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. பத்தில் ஒன்றை இரும எண்ணில் முழுசாக எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டியபோது விழுந்த சிறு துணுக்கு, நூறு மணி நேரத்தில் 0.34 விநாடியாகச் சேர்ந்துவிட்டது. ஸ்கட்டின் வேகத்துக்கு அது அரை கிலோமீட்டருக்கு மேல். ரேடார் தப்பான இடத்தில் தேடியது. நிறுத்தித் தொடங்கியிருந்தால் பிழை சைபராகியிருக்கும். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787க்கு ஓர் உத்தரவு போட்டது: 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் ஒரு எண்ணி நிரம்பி, மின் உற்பத்தியே நின்றுபோகலாம், ஆகவே இடையிடையே மின்சாரத்தை முழுக்க அணைத்துப் போடுங்கள். நூறில் ஒரு விநாடியாக எண்ணும் குறியுள்ள 32 பிட் எண்ணி நிரம்பவும் 248 நாள்தான் ஆகும்.

எனவே ஒரு இயந்திரத்தை வெள்ளிக்கிழமை மாலை ஒதுக்குங்கள். அதே சோதனையை, இந்த முறை ஒரே ப்ராசஸில், திங்கள் காலைவரை சுற்றவிடுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை மெமரி அளவையும் திறந்திருக்கும் ஃபைல்களின் எண்ணிக்கையையும் ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே போகட்டும். திங்கள் காலை அந்த இரண்டு எண்களும் வெள்ளி இரவு இருந்ததைவிட ஏறியிருந்தால், சோதனை பாஸ் என்றிருந்தாலும் பக் பதிவு செய்துவிடுங்கள்.